சொல்லின் பிறப்பு: வில்லன் தோன்றிய வயல்

ஞாயிறுதோறும் நம் சங்கக் கட்டடத்தின் மாடியில் நடைபெறும் தமிழ் வகுப்பு முடிந்து இறங்கி வருகையில், சென்ற திங்கள் ஒரு சிறுவன் நம்மை வழிமறித்து வினா ஒன்று எழுப்பினான். "மாமா, ஊருக்கு வெளியே வில்லா விற்பனை என்று பலகை வைத்திருக்கிறார்களே, அந்த வில்லாவுக்கும் சினிமாவில் வரும் வில்லனுக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்றான். உடனிருந்த பிள்ளைகள் சிரித்தனர். நாமும் சிரித்துவிட்டு, அகராதியைப் பார்த்துச் சொல்வதாகக் கூறி அவனை அனுப்பி வைத்தோம். வீடு திரும்பி அகராதியைப் புரட்டிய பிறகே நம் சிரிப்பு பொருத்தமற்றது என்பது விளங்கிற்று. உறவு உண்டு; அதுவும் மிக நெருங்கிய உறவு. ஆதலின் அவனுக்குரிய விடையை இத்திங்கள் இப்பகுதியிலேயே எழுதிவிடுவது என்று துணிந்தோம். வில்லன் தனியே வந்தால் நேயர்கள் அஞ்சக்கூடுமாகையால், அவனோடு ஒரே மண்ணில் வளர்ந்த வேறு சில பழைய ஆங்கிலச் சொற்களையும் உடன் அழைத்து வருகிறோம்.

முதலில் ஒரு வீட்டுக்குள் புகுவோம். ஐந்தாம் நூற்றாண்டு முதல் பிரிட்டன் தீவில் வந்து குடியேறிய ஆங்கிலர், சாக்சனியர், ஜூட்டர் ஆகியோர் பேசிய பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு 'ஹ்லாஃப்' என்று பெயர். இன்று கடையில் 'லோஃப்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது இச்சொல்லே. ரொட்டியைக் காப்பவன் 'ஹ்லாஃப்வெயர்டு'. இதன் பிற்பகுதிதான் மருத்துவமனையில் நாம் காணும் 'வார்டு'. காவல் என்பது அதன் பழம்பொருள். வாயில் உருண்டு உருண்டு இச்சொல் 'ஹ்லாஃபோர்டு' ஆகி, பின்னர் 'லார்டு' ஆயிற்று. இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஒரு சபைக்கே பெயர் தந்திருக்கும் பெருமைமிக்க பட்டம், பிறந்தபோது ரொட்டிக் கூடைக்குக் காவல் இருந்த ஒருவனைக் குறித்ததே.

அவன் இல்லத்தரசியின் பெயர் 'ஹ்லாஃப்திகெ'. மாவு பிசைபவள் என்று பொருள். மாவைக் குறிக்கும் 'டோ' என்னும் இன்றைய ஆங்கிலச் சொல் இதன் பிற்பகுதிக்கு உறவு. இதுவே தேய்ந்து 'லேடி' ஆயிற்று. பட்டாடை உடுத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் சீமாட்டியின் படத்தைக் காணும்போதெல்லாம், அவள் பெயருக்குள் முழங்கை வரை மாவு படிந்த ஒரு பெண் நிற்பதை நினைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் காலையில் சப்பாத்திக்கு மாவு பிசைபவர்கள் யாவரும் சொல்லின்படி அசல் லேடிகளே.

காப்பவன் ஒருவன், பிசைபவள் ஒருத்தி என்றால், உண்பவன் யார்? அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. கி.பி. 600-ஐ ஒட்டிக் கென்ட் நாட்டு மன்னன் ஏதெல்பெர்ட் வகுத்த சட்டமே, ஆங்கில மொழியில் எழுதப்பெற்று இன்று நமக்குக் கிடைக்கும் சட்டங்களுள் மிகப் பழையது. குடியானவன் ஒருவனுடைய 'ஹ்லாஃபேட்டா'வைக் கொன்றவன் 6 ஷில்லிங் ஈடு கொடுத்தல் வேண்டும் என்கிறது அச்சட்டம். ஹ்லாஃபேட்டா என்றால் ரொட்டி உண்பவன். அதாவது பிறர் சோற்றை உண்டு, அதற்காக உழைத்துக் கிடக்கும் ஆள். செஞ்சோற்றுக் கடன் என்று நம்மவர் கூறுவதன் கருத்து அங்கும் இருந்திருக்கிறது. வியப்பு யாதெனில், காத்தவன் லார்டு ஆனான், பிசைந்தவள் லேடி ஆனாள், உண்டவன் மட்டும் அகராதியினின்றே மறைந்து போனான். வாடகை வீட்டில் வாழும் நம்மவர்க்கு இக்குடும்பத்தில் 'லேண்ட்லார்டு' ஒருவரே நேரில் பழக்கமானவர். அவர் நம் ரொட்டியைக் காப்பதாகத் தெரியவில்லை. முதல் தேதியன்று அதில் ஒரு பெரும் துண்டைக் கேட்டு வருகிறார்.

இனி வயலுக்குச் செல்வோம். பழைய ஆங்கிலச் சமூகத்தில் அடிமையும் அல்லாத, பிரபுவும் அல்லாத சாதாரணக் குடியானவனுக்குச் 'செயோர்ல்' என்று பெயர். அவன் சுதந்திர மனிதன். ஆயினும் அக்காலத்தில் ஒவ்வோர் உயிருக்கும் சட்டம் ஒரு விலை வைத்திருந்தது. வெசெக்ஸ் நாட்டில் செயோர்ல் ஒருவனைக் கொன்றால் ஈட்டுத்தொகை 200 ஷில்லிங். உயர்குடிப் பிறந்தானைக் கொன்றால் 1200. ஆறு குடியானவர் சேர்ந்தால் ஒரு பிரபு என்பது அந்நாளையக் கணக்கு. இச்சொல் இன்று 'சர்ல்' என்று நிற்கிறது. முரடன், நாகரிகமற்றவன் என்பது அதன் தற்காலப் பொருள். 'சர்லிஷ்' என்றால் மரியாதையற்ற நடத்தை. இதே வேரிலிருந்து ஜெர்மானிய மொழிகளில் பிறந்த பெயர்தான் சார்ல்ஸ். 2022 முதல் பிரிட்டன் அரியணையில் இருக்கும் மன்னர் தாங்கிய பெயர் அது. அப்பெயர் பூண்ட பேரரசன் சார்லமேனுடைய புகழால், போலந்து மொழியிலும் ரஷ்ய மொழியிலும் அரசன் என்னும் பொதுச்சொல்லே அப்பெயரிலிருந்து பிறந்தது என்பர் மொழிநூலார். ஒரே விதையில் ஒரு கிளை மகுடம் தரித்தது; மற்றொரு கிளை வசைச்சொல் ஆயிற்று.

1066-இல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அரசவையிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. அவர்களோடு வந்த சொல்லே நம் வில்லன். லத்தீன் மொழியில் 'வில்லா' என்பது நாட்டுப்புறத்துப் பண்ணை வீடு. பண்ணையைச் சேர்ந்து உழைப்பவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சில் 'விலேன்' ஆகி, இங்கிலாந்தில் பண்ணையாளைக் குறிக்கும் சட்டச்சொல்லாக நிலைத்தது. 1086-இல் வில்லியம் நாடு முழுவதும் நிலமும் ஆளும் மாடும் கணக்கெடுக்கச் செய்து தொகுத்த டூம்ஸ்டே ஏட்டில், பிற வகுப்பினர் எவரினும் இவ்வகுப்பினரே மிகுதியாகக் காணப்படுகின்றனர். அந்நாட்டின் வயிற்றை நிரப்பியவர்கள் இவ்வில்லன்களே!

பண்ணையாளின் நிலை எத்தகையது? பிரபுவின் அனுமதியின்றி அவன் பண்ணையை விட்டு வெளியேற இயலாது. வாரத்தில் குறித்த நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். மகளை மணம் செய்து கொடுப்பதற்கும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். பிழைப்பைத் தேடி இரயிலேறி வந்த நமக்கு, ஊரைவிட்டுப் போவதே குற்றம் என்னும் சட்டத்தின் கொடுமை மற்றவர்களைவிடச் சற்று நன்றாகவே விளங்கும்.

1348-இல் கொள்ளைநோய் வந்து, மக்களில் மூன்றில் ஒரு பகுதியினருக்குக் குறையாமல் மாண்டனர். உழைக்கும் கைகள் குறைந்தமையால் கூலி ஏறிற்று. அதைப் பொறாமல் 1351-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, நோய்க்கு முன்னிருந்த கூலிக்கு மேல் எவரும் கேட்கலாகாது, கொடுக்கவும் லாகாது என்று தடுத்தது. அதன்மேல் தலைவரியும் வந்தது. 1381 ஜூன் திங்களில் கென்ட், எசெக்ஸ் பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து இலண்டனுக்குள் புகுந்தனர். அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது 14 வயது. பண்ணையடிமை நீங்கிற்று என்று அவன் ஓலைகள் வழங்கினான். பின்னர் அவர்கள் தலைவன் வாட் டைலர் ஸ்மித்ஃபீல்டு வெளியில் கொல்லப்பட்டான். கூட்டம் கலைந்ததும் ஓலைகள் திரும்பப் பெறப்பட்டன. வாக்கை நினைவூட்டச் சென்ற எசெக்ஸ் மக்களிடம், நீங்கள் பண்ணையாட்களாகவே இருந்தீர்கள், இனியும் அவ்வாறே இருப்பீர்கள் என்னும் கருத்துப்பட அரசன் கூறியதாக அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்துள்ளார்.

அடிமைமுறை பின்னர் மெல்லத் தேய்ந்து, பதினாறாம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஏறக்குறைய மறைந்தது. சொல் மறையவில்லை. பண்ணையாள் என்றால் அற்பன், அற்பன் என்றால் அயோக்கியன் என்று படிப்படியாக இறங்கி, அது நாடகமேடைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து திரைப்படத்துக்கும், பிறகு நம் தமிழுக்கும் வந்துவிட்டது. கதாநாயகனிடம் கடைசிக் காட்சியில் அடிவாங்கும் அப்பாவியின் பெயருக்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டு உழவு இருக்கிறது. வில்லாவின் சொந்தக்காரனுக்கு ஒரு கேடும் இல்லை. வில்லா இன்றும் விளம்பரப் பலகையில் மின்னுகிறது.

இப்படிப் பொருளை இறக்கியவர் யார் என்று எண்ணிப் பார்த்தோம். உழுதவன் தன்னைத்தானே வைதுகொண்டிருக்க மாட்டான். அவனுக்கு எழுத்தும் தெரியாது. பண்ணைக் கணக்கையும் பண்ணை நீதிமன்றத்து நடவடிக்கைகளையும் தோல் சுருள்களில் லத்தீன் மொழியில் எழுதி வைத்தவர்கள் வேறு சிலர். அவர்களுக்குப் பெயர் 'கிளார்க்'. இதை எழுதும்போது நமக்குச் சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது. இரயில்வே அலுவலகத்தில் அதே பெயர் பூண்ட நாற்காலியில் அமர்ந்துதான் நாம் சம்பளம் பெறுகிறோம்.

கிளார்க் என்னும் சொல்லின் பிறப்பு கிரேக்க மொழியில். 'கிளேரோஸ்' என்றால் சீட்டுப் போட்டுப் பெறும் பங்கு. இறைவனையே தம் பங்காகக் கொண்டவர்கள் என்னும் கருத்தில் கிறித்தவக் குருமாரைக் குறிக்கலாயிற்று. இடைக்காலத்தில் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் குருமாரே ஆகையால், படித்தவர் எல்லாரும் கிளார்க் எனப்பட்டனர். அப்படிப்பின் மதிப்போ சாதாரணமானதன்று. குருமாரைச் சாதாரண நீதிமன்றம் தூக்கிலிடலாகாது என்று ஒரு சலுகை இருந்தது. குரு என்பதற்குச் சான்று படிக்கத் தெரிவதே என்று கொண்டமையால், குற்றவாளி நீதிபதியின் முன் வேதநூலில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினால் கழுத்து தப்பிற்று. பெரும்பாலும் 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனமே கொடுக்கப்பட்டதால், அதற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர் வழங்கிற்று. எழுத்தறியாத சிலர் அதனை மனப்பாடம் செய்துகொண்டு போனார்களாம். தேர்வு நாளில் நம் பிள்ளைகள் செய்வதும் அதுவே அன்றோ!

நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598-இல் கேப்ரியல் ஸ்பென்சர் என்னும் நடிகரை வாட்போரில் கொன்றுவிட்டு, இவ்வாறு படித்துக் காட்டியே உயிர் பிழைத்தார். இரண்டாம் முறை இச்சலுகையைக் கேட்காதிருக்கும்படி அவர் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். 1827-இல் இங்கிலாந்தில் இச்சலுகை ஒழிக்கப்பட்டது. எழுத்தறிவு ஒருவன் உயிரையே காத்த காலத்தில் பிறந்த பெயரைத்தான், டிக்கெட் கொடுக்கும் சாளரத்தின் முன் சற்றே தாமதமானால், 'நீ ஒரு கிளார்க்தானே' என்று சிலர் நம்மை நோக்கி வீசுகின்றனர். அந்நேரம் பென் ஜான்சனின் கட்டைவிரலை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

எல்லாச் சொல்லும் இறங்கியே போயின என்று நேயர்கள் எண்ண வேண்டா. பழைய ஆங்கிலத்தில் பையனைக் குறிக்க இரு சொற்கள் இருந்தன. ஒன்று 'க்னிஹ்ட்', மற்றொன்று 'க்னாஃபா'. இரண்டும் ஏவல் செய்யும் பையனையும் குறித்தன. முதற் பையன் அரசனின் பின்னால் குதிரையேறிப் போருக்குச் சென்றான். 'நைட்' என்னும் வீரப்பட்டம் பெற்றான். இரண்டாம் பையன் அடுக்களையிலும் தொழுவத்திலும் நின்றுவிட்டான். 'நேவ்' ஆனான், அதாவது போக்கிரி. சீட்டுக்கட்டில் ராஜா ராணிக்குக் கீழே ஜாக் என்று நிற்கிறானே, அவனுக்குப் பழைய ஆங்கிலப் பெயர் நேவ் என்பதே. இவ்விரு சொற்களின் முதலிலும் ஒலிக்காத ஒரு 'கே' எழுத்து இருக்கிறது. அதை எழுத மறந்து மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள், அக்காலத்தவர் அதை உரக்கவே ஒலித்தனர் என்று அறிந்தால் சிறிது ஆறுதல் கொள்வர்.

குதிரைக்காரனும் உயர்ந்தான். 'மார்ஷல்' என்பது குதிரை, வேலையாள் என்னும் இரு பழைய ஜெர்மானியச் சொற்களின் கூட்டு. இன்று படைத்தலைவர்கள் அப்பெயரை மார்பில் தாங்குகின்றனர். 'கான்ஸ்டபிள்' லாயத்துக்கு அதிகாரி. 'ஸ்டீவர்டு' கூடத்துக்குக் காவலாள். அரசன் அருகே நின்றவன் கழுவியது குதிரையே ஆயினும் அவன் பெயர் ஏறிற்று. தொலைவில் நின்று உழுதவன் பெயர் இறங்கிற்று என்பது நம் கணிப்பு.

ஏணியும் பாம்பும் போல ஏறி இறங்கிய வேறு இரண்டு சொற்களை மட்டும் சொல்லிக் கடப்போம். அசடு என்னும் பொருளில் வழங்கும் 'சில்லி' முற்காலத்தில் பேறுபெற்றவன் என்று பொருள்பட்டது. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் அப்பொருளிலேயே இருக்கிறது. நாள்தோறும் நூறு முறை நம் பிள்ளைகள் சொல்லும் 'நைஸ்' என்பதோ, ஒன்றும் அறியாதவன் என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் மொழியில் நறுமணத்தைக் குறித்த நாற்றம் அடைந்த கதியை நேயர்கள் அறிவார்கள்.

இவையெல்லாம் பிறர் வீட்டுக் கதை என்று படித்து மகிழ்ந்துகொண்டே வந்தோம். அதே அகராதியில் நம் வீட்டுச் சொல் ஒன்று எதிர்ப்பட்டதும் மகிழ்ச்சி நின்றது. சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் 'பரையா' என்னும் சொல் பறையர் என்னும் தமிழ்ச் சொல்லே. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில நூல்களில் புகுந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் யாரையும் இகழப் பயன்படும் பொதுச்சொல் ஆகிவிட்டது. இன்றும் உலக நாடுகளால் விலக்கப்பட்ட நாட்டைப் பத்திரிகைகள் அப்பெயரால் குறிக்கின்றன. தெருநாய்க்கும் அதையே அடையாக வைத்தனர். சர்லுக்கும் வில்லனுக்கும் நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இன்று இங்கிலாந்தில் எந்தப் பிள்ளையும் தன்னைப் பண்ணையாள் வகுப்பு என்று எண்ணி, வில்லன் என்னும் சொல்லைக் கேட்டுத் தலைகுனிவதில்லை. பறையர் என்பதோ உயிரோடு வாழும் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர். பறை என்னும் இசைக்கருவியோடு சேர்ந்த பெயர். அவ்விழிவை ஆங்கிலேயர் புதிதாகப் படைத்தனர் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை; நம் ஊர்களில் கண்டதையே அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கியபோது, அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. எப்பெயரால் இகழ்ந்தார்களோ அப்பெயரையே தலைப்பில் அச்சிட்டார். பண்ணையாளுக்குக் கிடைக்காத எழுதுகோல் அவர் கையில் இருந்தது. நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையில் அச்சொல் இகழ்ச்சிப் பொருளில் வந்தால், அதை அடித்துவிட்டு வேறு சொல் எழுதச் சொல்வது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். ஆங்கில ஆசிரியர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அரை மதிப்பெண் போகட்டும்.

மற்றொரு சொல் நம் பணியிடத்திலேயே நாள்தோறும் ஒலிக்கிறது. 'கூலி' என்னும் ஆங்கிலச் சொல் நம் தமிழ்க் கூலியே என்பர் சிலர். குஜராத்துப் பக்கத்துக் கோலி என்னும் மக்களின் பெயர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பலில் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் சென்று இறங்கியபின், அங்கு இந்தியர் அனைவருக்குமே அது வசைப்பெயர் ஆயிற்று. 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகளையும் கூலி பாரிஸ்டர் என்றே அழைத்தனர். தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம், உழைப்பவன் கூலியாள். ஊதியத்தின் பெயரையே மனிதனுக்கு வைத்துவிட்ட விந்தை, கடல்கடந்த பின் நேர்ந்தது.

2016-ஆம் ஆண்டு இரயில்வே வரவுசெலவுத் திட்ட உரையில், நிலையங்களில் சுமை தூக்குவோர் இனிச் 'சகாயக்' என அழைக்கப்படுவர் என்று அறிவித்தார்கள். நல்ல எண்ணமே. ஆனால் மேடையில் நிற்கும் பயணியின் நாக்குக்கு அவ்வறிவிப்பு இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. அண்மையில் சென்னையிலிருந்து வந்த வண்டியிலிருந்து ஓர் அம்மையார் மூன்று பெட்டிகளோடும் ஓர் ஊறுகாய்ச் சாடியோடும் இறங்கினார். சிவப்புச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். "ஏம்ப்பா, கூலி எவ்வளவு?" என்று அம்மையார் தமிழில் கேட்டார். வடநாட்டவரான அவருக்கு முதற் சொல்லும் கடைச் சொல்லும் விளங்கவில்லை, நடுச்சொல் விளங்கிற்று. தம்மை அழைக்கிறார்கள் என்று கொண்டு, "ஆமாம், நான்தான்" என்று இந்தியில் சொல்லி, தம் கையிலிருந்த பித்தளை வில்லையைக் காட்டினார். நாம் இடையே புகுந்து கணக்கை முடித்து வைத்தோம். அம்மையார் கேட்டது தமக்குரிய பணத்தை என்று நாம் விளக்கியபோது அம்முதியவர் சிறிது நேரம் யோசித்து, "உங்கள் மொழியில் அது பணமா?" என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வினா எழுப்பிய சிறுவனுக்கு இவ்விதழின் படி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த திங்கள் கட்டுமரமும் மிளகுத் தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் நுழைந்த கதையை எழுதக் கருதியுள்ளோம். நேயர்கள் தம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் சொற்களையும் ஞாயிறன்று வகுப்பு நேரத்தில் எழுதிக் கொடுக்கலாம்.